குட்டிப் பாஸ் ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி: ரொண்டோவில் தொடங்கி மேட்ச் வரை

பத்துப் பதினான்கு பிள்ளைகள், ஏழெட்டுப் பந்து, கொஞ்சம் கோன், மூன்று நிறத்தில் பிப் (எந்த அணி என்று தெரிய சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத மேலாடை), அரை மைதானம். இவ்வளவு கையில் இருந்தால் போதும், பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்னப் பாஸ்களாக ஆடி, எதிரணியைப் பின்னால் ஓடவைக்கும் ஒரு அணியை வளர்க்கத் தொடங்கிவிடலாம். முதன்முறையாகப் பயிற்சி கொடுக்க இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளி பி.டி. ஆசிரியர், தெரு டீமைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை டர்ஃபில் அபார்ட்மென்ட் பிள்ளைகளை ஆடவைக்கும் அப்பா அம்மா, யாராக இருந்தாலும் சரி. பிள்ளைகளுக்கு 9-லிருந்து 15 வயது என்று வைத்துக்கொள்வோம்.

ட்ரில்களுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது மனதில் பதியாமல் ட்ரில்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பிரயோஜனம் இல்லை. பாஸ் என்றதும் எல்லோரும் காலைப் பார்க்கிறார்கள். கால் பாதிதான். பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்ததா, உடம்பு எந்தப் பக்கம் திறந்திருந்தது, பாஸ் கொடுத்த மறு விநாடி இன்னொரு இடத்துக்கு நகர்ந்ததா, மீதிப் பாதி இதில் இருக்கிறது. கோன்களுக்கு நடுவே வரிசையில் நின்று, பந்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்கிற பயிற்சியில் இந்த இரண்டாவது பாதி ஒருநாளும் வராது. அதற்கு எதிராளி வேண்டும், இடம் குறைவாக இருக்க வேண்டும், யாருக்குக் கொடுப்பது என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்கும் நெருக்கடி வேண்டும். குறைந்த ஆட்களோடு சின்னக் கட்டத்துக்குள் ஆடவைப்பது அதற்காகத்தான்.

எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நெதர்லாந்தில் அயாக்ஸ் அணியை ரைனஸ் மிக்கெல்ஸ் நடத்திய காலத்தில் உருவான ஆட்டம், அங்கே ஆடிய யோஹான் க்ரைஃப் வழியாக பார்சிலோனாவுக்குப் போய் வேர்பிடித்தது. க்ரைஃப் 1973-ல் அங்கே ஆட்டக்காரராகப் போனார், 1988 முதல் 1996 வரை பயிற்சியாளராக இருந்தார். நடுவில் ஒன்றிரண்டு பேரை விட்டு, சுற்றி நின்று பந்தைக் காப்பாற்றும் ரொண்டோ பயிற்சியை 1970-களிலேயே அந்தக் கிளப்பின் இளையோர் அணிகளில் புகுத்தியவராக லவுரேயானோ ருயிஸைச் சொல்வார்கள். க்ரைஃப் அதைத் தினசரிப் பயிற்சியின் நடுவில் வைத்தார். அவரிடம் மிட்ஃபீல்டராக ஆடிய கார்டியோலா 2008-ல் அதே கிளப்பின் பயிற்சியாளரானார். 2010-ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதுக்குக் கடைசிச் சுற்றில் நின்ற மெஸ்ஸி, இனியெஸ்டா, ஜாவி மூவருமே பார்சிலோனாவின் லா மாசியா பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்கள்.

அதே 2010-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது. ஏழு ஆட்டத்தில் அவர்கள் போட்டது வெறும் 8 கோல், நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கையுமே 1-0 என்றுதான் ஜெயித்தார்கள். அந்த நான்கிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை, பந்தே எதிரணியிடம் அதிகம் போகாதபோது கோல் எங்கிருந்து வரும்? ஆனால் இதே ஸ்பெயின் 2018-ல் ரஷ்யாவிடமும் 2022-ல் மொராக்கோவிடமும் ஆயிரத்துக்கு மேல் பாஸ் போட்டுவிட்டு பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்று வீட்டுக்குப் போனது. இந்த இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாஸ் போடுவது எதிராளியை அவன் நிற்க விரும்பாத இடத்துக்கு இழுப்பதற்காக. யாரையும் நகர்த்தாத பாஸை எத்தனை எண்ணினாலும் மேட்ச் நகராது. கீழே வரும் எல்லா ட்ரில்லிலும் நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

சாமான்கள், இடம்

12 வயதுவரை 4-ஆம் நம்பர் பந்து, அதற்கு மேல் 5-ஆம் நம்பர். 8 வயதுக்குக் கீழே இருந்தால் 3. பெரிய பந்தைச் சின்னக் காலிடம் கொடுத்தால் பிள்ளை பாதத்தின் உட்பக்கத்தால் தள்ளாமல் விரல்நுனியால் குத்தத் தொடங்கிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

கோன் இல்லையா, செருப்பு போதும், தண்ணீர் பாட்டில் போதும். கல்லும் செங்கல்லும் மட்டும் வேண்டாம். உபரிப் பந்துகள் எல்லாம் உங்கள் காலடியில் இருக்கட்டும். பந்து வெளியே போனதும் ஒருவன் அதன் பின்னால் ஓட, மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நிற்பது நம் மைதானங்களில் தினம் நடப்பது. அப்படி விடாமல் அடுத்த பந்தை உடனே உள்ளே உருட்டிவிடுங்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் இது ஒன்றிலேயே நிறைய நிமிடம் மிச்சமாகும்.

தரை பற்றியும் சொல்ல வேண்டும். வீடியோக்களில் பார்க்கும் ரொண்டோ எல்லாம் நனைத்து வெட்டிய புல்லில் நடப்பது. நம்மில் பலருக்குக் கிடைப்பது காய்ந்த செம்மண், நடுவில் கிரிக்கெட் பிட்ச், ஓரத்தில் நெருஞ்சி முள். அந்தத் தரையில் பந்து துள்ளும், ஒரே தொடுதலில் பாஸ் போடச் சொன்னால் பிள்ளை திணறும். அதற்கென்று இந்த ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதில்லை. நான் சொல்லும் ஒவ்வொரு அளவிலும் இரண்டு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள், ஒன்-டச் விதியை மறந்துவிடுங்கள், முடிந்தால் அதிகம் துள்ளாத ஃபுட்சால் பந்து ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் பிள்ளைகளையே வரிசையாக நடக்கவைத்துக் கல் பொறுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

படி 1: காலும் தலையும்

10 மீட்டர் சதுரம், மூலைக்கு ஒருவர், ஒரு பந்து. பந்து சதுரத்தைச் சுற்றிப் போகிறது. பாதத்தின் உட்பக்கம், கணுக்கால் இறுக்கமாக, ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், அதன் விரல்கள் பாஸ் போகும் திசையைப் பார்த்து, பந்தின் நடுவில் அடி. இதை ஒருமுறை சொல்லி, ஒருமுறை செய்து காட்டினால் போதும். பாஸ் கொஞ்சம் வேகமாகவே போகட்டும். புதிதாக ஆடுகிறவர்கள் நண்பனுக்கு நல்லது செய்வதாக நினைத்து மெல்ல உருட்டுவார்கள், அந்த மெதுவான பந்துதான் மேட்சில் எதிராளிக்கு ஓடிவர நேரம் கொடுக்கிறது.

இப்போது வாங்கும் ஆளைக் கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பந்து வரும் திசைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்பார்கள், பந்துக்குக் கிட்டே இருக்கும் காலால் நிறுத்துவார்கள், அப்புறம் உடம்பைத் திருப்பி, பந்தைச் சரிசெய்து, மூன்றாவது தொடுதலில் அடுத்த மூலைக்கு அனுப்புவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. பக்கவாட்டில் திரும்பி நில், வரும் பந்தும் தெரிய வேண்டும், அடுத்துப் போக வேண்டிய மூலையும் தெரிய வேண்டும். பந்து உன் முன்னால் கடந்து போகட்டும், தூரமாக இருக்கும் காலால் வாங்கு. அப்படி வாங்கினால் முதல் தொடுதலிலேயே பந்து அடுத்த பாஸுக்குத் தயாராக இருக்கும். மூன்று தொடுதல் இரண்டாகிறது, மேட்சில் ஒரு டிஃபெண்டர் நெருங்கிவரும் நேரம் அதுதான்.

அடுத்து தலை. நீங்கள் சதுரத்துக்கு வெளியே, வாங்கப்போகும் பிள்ளையின் முதுகுப்பக்கம் நின்றுகொண்டு விரல்களைக் காட்டுங்கள். பந்து அதன் காலுக்கு வருவதற்குள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் கூச்சல், சிரிப்பு, பந்து காலுக்கடியில் புகுந்து போய்விடும். பரவாயில்லை. எப்போது திரும்பிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள்: பந்து இன்னொருவரின் காலிலிருந்து கிளம்பி, உனக்குக் கொடுக்கப்போகும் கூட்டாளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, அதாவது இன்னும் உனக்கு வராதபோது, ஒரு பார்வை. உன்னை நோக்கிக் கிளம்பிய பிறகு கண் பந்தில். ஜாவி ஆடிய பழைய மேட்ச் ஏதாவது ஒன்றை எடுத்து, பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். எந்த விளக்கத்தையும்விட அது வேலை செய்யும்.

இந்தப் படிக்கு 10 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். எதிராளி இல்லாத பயிற்சியைப் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கிக்கொண்டே செய்யப் பழகிவிடுவார்கள்.

படி 2: மூவருக்கு ஒருவர்

8 மீட்டர் சதுரம், பந்து வைத்திருப்பவர்கள் 3 பேர், நடுவில் 1. நான்கு பக்கத்துக்கு மூன்று பேர்தான், எனவே ஒரு பக்கம் எப்போதும் காலி. ஒரே விதி: பந்து வைத்திருப்பவனுக்கு இடதுபக்கம் ஒருவர், வலதுபக்கம் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

இந்த ஒரு விதிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பந்து ரவியிடமிருந்து மீனாவுக்குப் போகிறது என்றால், ரவி இருந்த இடம் மீனாவுக்கு ஒரு பக்கமாக அமைந்துவிட்டது. மறுபக்கம் காலி. மூன்றாவது ஆள் ஃபாத்திமா அங்கே ஓட வேண்டும், அதுவும் பந்து மீனாவின் காலைத் தொட்ட பிறகு ஓடினால் தாமதம், ரவியின் காலிலிருந்து கிளம்பும்போதே ஓட வேண்டும். பந்து தனக்கு வரவேயில்லை, ஆனாலும் வேலை செய்தவர் ஃபாத்திமாதான். பந்து இல்லாதபோது ஓடுவது என்று நாம் வாய் வலிக்கச் சொல்லும் விஷயம் இந்தச் சின்னச் சதுரத்தில் தானாக வந்துவிடும். ஓடவில்லை என்றால் அடுத்த பாஸ் பறிபோகும், பிள்ளைக்கே காரணம் புரியும்.

நடுவில் இருப்பவர் 45 விநாடி, பிறகு மாற்றம். அதற்கு மேல் விட்டால் களைத்துப்போய் சும்மா நடப்பார்கள், சும்மா நடக்கும் டிஃபெண்டரை வைத்துக்கொண்டு பாஸ் பழகுவது வீண். இதைச் செய்யும்போது நடுவில் நிற்பவரைத் தண்டனை வாங்கியவர் போல நடத்தாதீர்கள், பந்தைப் பறித்தால் அவருக்கும் கைதட்டல் உண்டு என்று வையுங்கள்.

படி 3: நால்வருக்கு இருவர், உண்மையான ரொண்டோ

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் சதுரம், பக்கத்துக்கு ஒருவராக வெளியே 4 பேர், உள்ளே 2 பேர். ஆட்கள் கூடுதலாக இருந்தால் 12 மீட்டரில் 5 பேருக்கு 2 பேர்.

உள்ளே இரண்டு பேர் வந்ததும் ஆட்டம் மாறிவிடுகிறது. ஒருவர் பந்து வைத்திருப்பவரை நெருக்குவார், இன்னொருவர் பின்னால் நின்று அடுத்த பாஸைக் காப்பார். இந்த இருவருக்கும் நடுவே ஒரு இடைவெளி திறக்கும், மூடும். அந்த இடைவெளி வழியாக எதிர்ப்பக்கம் நிற்பவருக்குப் போகும் பாஸ்தான் இங்கே தங்கம், ஏனென்றால் மேட்சில் இரண்டு மிட்ஃபீல்டர்களுக்கு நடுவே புகுந்து ஸ்ட்ரைக்கரிடம் போகும் பாஸ் இதுவே. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும் பாஸ் பத்திரம். ஆனால் பக்கத்துப் பாஸ் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் இருவரும் சேர்ந்தே நகர்ந்து ஒரு மூலையில் அடைத்துவிடுவார்கள்.

புள்ளிக் கணக்கை இப்படி வையுங்கள்: தொடர்ந்து 8 பாஸ் ஒரு புள்ளி, இருவருக்கும் நடுவே போகும் ஒரு பாஸ் இரண்டு புள்ளி. உள்ளே இருப்பவர்கள் பறித்த பந்தைக் கட்டத்துக்கு வெளியே ஓட்டிக்கொண்டு போனாலோ உங்களிடம் பாஸ் போட்டாலோ அவர்களுக்கு இரண்டு புள்ளி. பறித்ததும் வெளியே உதைத்தால் புள்ளி இல்லை. கஷ்டப்பட்டுப் பறித்த பந்தை உடனே தூக்கி எறிவது நம் பிள்ளைகளிடம் ஊறிப்போன வழக்கம்.

இனி நுணுக்கங்கள். வெளியே நிற்பவர்கள் தங்கள் பக்கத்தின் நடுவில் சிலையாக நிற்கக் கூடாது, பக்கக்கோட்டிலேயே இடமும் வலமும் சறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் என்றால், டிஃபெண்டர் பந்துக்கும் உங்களுக்கும் நடுவே வந்துவிட்டால் நீங்கள் அவர் நிழலில் மறைந்துவிட்டீர்கள், கையைத் தூக்கி 'எனக்கு எனக்கு' என்று கத்தினாலும் பந்து வர வழியில்லை. இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் வழி திறந்துவிடும். கத்துகிற பிள்ளையிடம் நான் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பேன்: 'பந்து உனக்குத் தெரியுதா?' தெரிந்தால் பந்து வரும், தெரியாவிட்டால் நகர்.

இன்னொன்று, பந்து கையில் இருக்கும்போது அவசரப்படாதது. புதியவர்கள் டிஃபெண்டர் கிளம்பியதுமே பயந்து பந்தைத் தள்ளிவிடுவார்கள், அவரும் பாதி வழியில் நின்று அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார், யாரும் இடம் மாறவில்லை. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, அவர் கிட்டத்தட்ட ஒரு கால்நீட்டு தூரத்துக்கு வரும்வரை விட்டு, அப்புறம் கொடுத்தால் அவர் அந்த இடத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார், அடுத்த ஆளுக்கு ஒரு விநாடி கூடுதலாகக் கிடைத்துவிட்டது. செர்ஹியோ புஸ்கெட்ஸ் வேகமாக ஓடக்கூடியவர் இல்லை, உயரமான, ஒல்லியான ஆள், இந்த ஒரு விநாடியைச் சம்பாதித்துக் கொடுத்தே அத்தனை ஆண்டுகள் பார்சிலோனாவின் நடுக்களத்தை நடத்தினார். வேகம் இல்லாத பிள்ளை உங்கள் அணியில் இருந்தால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கட்டத்தின் அளவை நீங்கள்தான் கண்ணால் பார்த்து மாற்ற வேண்டும். மூன்று நான்கு பாஸுக்குள் பந்து பறிபோய்க்கொண்டே இருந்தால் சத்தம் போடாதீர்கள், போய்க் கோனை ஒரு எட்டு வெளியே வையுங்கள். பதினைந்து பாஸ் வியர்க்காமல் ஓடினால் ஒரு எட்டு உள்ளே. தொடுதல் வரம்பு வேண்டும் என்றால் முதல் சில வாரம் வரம்பே இல்லாமல் விட்டு, அப்புறம் இரண்டு தொடுதல் என்று வையுங்கள். ஒன்-டச் கட்டாயம் என்ற விதியை இந்த வயதில் நான் வைக்க மாட்டேன். கட்டாயம் என்றதும் பிள்ளைகள் யோசிக்காமல் பந்து வந்த பக்கமே திருப்பித் தட்டுவார்கள், டிஃபெண்டரை வரவழைத்து ஏமாற்றும் வித்தை செத்துப்போகும்.

பந்து பறிபோன பிறகு என்ன செய்வது என்பதும் இதே கட்டத்தில் பழக வேண்டியது. பறித்தவர் கட்டத்தைவிட்டு வெளியேறும்வரை ஆட்டம் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள், வெளியே நின்ற நால்வரும் உடனே பாய்ந்து திரும்பப் பறிக்கலாம். கார்டியோலாவின் பார்சிலோனா பந்தை இழந்த ஐந்தாறு விநாடிக்குள் அதைத் திரும்பப் பிடிக்கத் துரத்தியதற்கு அடிப்படை இதுதான்: சின்னச் சின்னப் பாஸ் ஆடும் அணி எப்போதும் பந்தைச் சுற்றிக் கிட்டக் கிட்ட இருக்கிறது, அதனால் இழந்த பந்தைச் சூழ்ந்துகொள்வதும் அதற்குச் சுலபம்.

படி 4: திசை

ரொண்டோவுக்கு ஒரு குறை உண்டு, அதில் முன்னால் பின்னால் என்று எதுவும் இல்லை. ரொண்டோவில் அற்புதமாக ஆடிவிட்டு மேட்சில் சொந்த டிஃபென்சுக்குள்ளேயே பந்தைச் சுற்றிக்கொண்டிருக்கும் அணிகள் இப்படித்தான் உருவாகின்றன. அதனால் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுங்கள்.

நால்வருக்கு நால்வர், கூடவே 3 பொது ஆட்கள். 22 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் செவ்வகம். பொது ஆட்கள் மூன்றாவது நிற பிப் போட்டு, நீளவாக்கின் இரு முனையிலும் ஒவ்வொருவர், நடுவில் ஒருவர். அவர்கள் எப்போதும் பந்து வைத்திருக்கும் அணிக்கே ஆடுவார்கள். பந்து வைத்திருக்கும் அணியின் நால்வர் பக்கத்துக்கு இருவராக நீளக்கோடுகளை ஒட்டி அகலமாக விரிந்துகொள்ள வேண்டும், எதிரணி நால்வர் உள்ளே குவிந்து துரத்த வேண்டும். பந்து ஒரு முனை ஆளிடமிருந்து மறுமுனை ஆளுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி, திரும்ப இந்த முனைக்கு வந்தால் இன்னொன்று. பந்து கைமாறியதும் பறித்தவர்கள் விரிய வேண்டும், இழந்தவர்கள் குவிய வேண்டும். பார்சிலோனா, அயாக்ஸ் பாணிப் பயிற்சிகளில் நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் வடிவம் இது.

முதல் முறை இது குழம்பிப்போகும், அது நிச்சயம். இனிப்பை ஈ மொய்ப்பது போல எல்லோரும் பந்தையே மொய்ப்பார்கள். பொறுமையாக இருங்கள். ஒருமுறை விசில் அடித்து நிறுத்தி, 'நம்ம கையில் பந்து இருந்தா எவ்வளவு பெருசா ஆகணும், அவங்க கையில் இருந்தா எவ்வளவு சின்னதா ஆகணும்' என்று கைவிரித்துக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள். 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, நான்கு முறை. ஓய்வு நிமிடத்தில் மட்டும் பேசுங்கள்.

நடு ஆளாக யாரைப் போடுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். அவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் எதிராளி, படி 1-ல் பழகிய தலைதிருப்பல் அவருக்குத்தான் உயிர். எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையையே அங்கே போடாமல் எல்லோரையும் சுழற்றுங்கள். டிஃபென்சில் நிற்கும் பெரிய பையன் அங்கே பத்து நிமிடம் நின்று பந்தைத் தொலைத்துக்கொண்டிருப்பது அவனுக்கு நல்லதுதான்.

பிள்ளைகள் குறைவாக வந்த நாளில் மூவருக்கு மூவர், முனைக்கு ஒரு பொது ஆள், 18-க்கு 12 மீட்டர். வேலை நடக்கும்.

படி 5: கோல்

கோல் இல்லாமல் ஒரு பயிற்சி நாளையும் முடிக்காதீர்கள். பிள்ளைகள் வந்ததே அதற்குத்தான்.

நால்வருக்கு நால்வர், கோல்கீப்பர் இல்லை, 30-க்கு 20 மீட்டர், இரு கடைசிக் கோட்டிலும் மூலைக்குப் பக்கத்தில் இரண்டிரண்டு குட்டி கோல். ஒவ்வொரு அணிக்கும் தாக்க இரண்டு கோல், காக்க இரண்டு. இடதுபக்கக் கோலை எதிரணி அடைத்தால் பந்தைப் பின்னால் கொண்டுவந்து வலதுபக்கம் திருப்ப வேண்டும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டாம், ஆட்டமே சொல்லிவிடும். நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கம் 1980-களில் இளையோர் பயிற்சிக்கு 4-க்கு 4 ஆட்டத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டதற்கு நல்ல காரணம் இருக்கிறது: பின்னால் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர், முன்னால் ஒருவர் என்று முழு ஆட்டத்தின் எல்லாத் திசையும் நால்வருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, ஒவ்வொரு பிள்ளையும் பந்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் கோல்கீப்பரோடு ஆறுக்கு ஆறு அல்லது ஏழுக்கு ஏழு. இதில் விசேஷ விதி ஒன்றே ஒன்று போதும்: ஒவ்வொரு முறையும் ஆட்டம் கோல்கீப்பரிடமிருந்து தொடங்கும், அவர் காலால் பக்கத்தில் இருப்பவருக்குத் தரையோடு கொடுக்க வேண்டும், அந்த முதல் பாஸ் போகும்வரை எதிரணி பாதிக்கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். சில வாரம் கழித்து அந்தச் சலுகையை எடுத்துவிடுங்கள்.

கோல்கீப்பரைத் தனியாக ஓரத்தில் நிறுத்திப் பந்து பிடிக்க மட்டும் பழக்குவது பழைய வழக்கம். கூட்டாளி வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல் வந்தது. கோல் கிக் பெனால்டி ஏரியாவைத் தாண்டிப் போக வேண்டியதில்லை, உள்ளேயே கூட்டாளி வாங்கிக்கொள்ளலாம் என்ற மாற்றம் 2019-ல் வந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு கோல்கீப்பர்தான் உங்கள் முதல் பாஸ் போடும் ஆள். படி 1 முதல் படி 4 வரை அவரும் மற்றவர்களோடு நிற்கட்டும்.

ஒரு மாலைப் பயிற்சி

75 நிமிடம் இருக்கிறது என்றால் சதுரப் பாஸ் 10, ரொண்டோ 15, திசை ஆட்டம் 20, கோலோடு ஆட்டம் 25, மீதி தண்ணீருக்கு. ஏப்ரல் மே மாதத்தில் நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டாம், ஐந்தரைக்கு மேல் வையுங்கள், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் தண்ணீர் குடித்தாக வேண்டும், தாகம் இல்லை என்று சொல்கிற பிள்ளையும்.

திருத்துவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். ஆட்டத்தை அடிக்கடி நிறுத்துவது பெரிய தொல்லை, ஒரு ட்ரில்லுக்கு இரண்டு முறை போதும். நிறுத்தினால் எல்லோரும் அந்தந்த இடத்திலேயே நிற்க, பந்து வைத்திருந்த பிள்ளையிடம் 'உனக்கு இங்கே யார் யார் இருக்காங்க?' என்று கேளுங்கள். அது பார்த்துவிட்டு, 'அட, அங்கே ஒருத்தி இருக்கா!' என்று சொல்லும். அதோடு ஆட்டத்தைத் தொடருங்கள். பதிலை நீங்களே சொல்லிவிட்டால் அடுத்த முறையும் உங்கள் வாயைத்தான் பார்க்கும். ஓரத்தில் நின்று 'இடது! பாஸ்! இப்போ குடு!' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் அப்படித்தான். பாராட்டும்போது கோலை மட்டும் பாராட்டாமல், அதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்த்த பிள்ளையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

மேட்சுக்குப் போகும்போது

முதல் சில மேட்ச் தோற்பீர்கள். சொந்தக் கோலுக்குப் பக்கத்தில் பாஸ் பறிபோய் கோல் விழும், வெளியே நிற்கும் பெற்றோர் 'தூக்கி அடிடா!' என்று கத்துவார்கள். அது வருவதற்கு முன்பே, மேட்ச் நாளுக்கு முந்தைய பயிற்சியிலேயே அவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்: இந்த சீசன் நாங்கள் பின்னாலிருந்து தரையோடு ஆடப் பழகுகிறோம், சில கோல் இப்படி விழும், அப்போது பிள்ளையைத் திட்டாதீர்கள், பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் முன்னிலையில் இதைச் சொல்வது முக்கியம். பந்தைத் தொலைத்தால் திட்டு விழும் என்று பயப்படும் பிள்ளை பாஸ் கேட்கவே கேட்காது, டிஃபெண்டரின் நிழலில் போய் ஒளிந்துகொள்ளும்.

அதேபோல நீண்ட பந்தைத் தடை செய்யாதீர்கள். எதிரணி மொத்தமும் உங்கள் பாதிக்குள் ஏறி வந்து நெருக்குகிறது, அவர்கள் பின்னால் பெரிய வெளி கிடக்கிறது, உங்கள் ஸ்ட்ரைக்கர் ஓடத் தயாராக இருக்கிறார் என்றால் அந்த வெளிக்கு ஒரு நீண்ட பாஸ் போடுவதுதான் சரியான முடிவு. உங்கள் சின்னப் பாஸ்கள்தான் அவர்களை அவ்வளவு தூரம் மேலே இழுத்தன. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதைப் போட்ட பிள்ளையையும், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பிள்ளையையும் வேறுபடுத்திப் பாருங்கள். முன்னவரைக் கைதட்டிப் பாராட்டுங்கள், பின்னவரை அடுத்த பயிற்சியில் ரொண்டோவின் நடுப்பக்கம் போடாமல் வெளியே நிறுத்தி, கட்டத்தை ஒரு எட்டு பெரிதாக்கி, பந்தைக் காலில் வைத்துக்கொள்ள நேரம் கொடுங்கள்.

மேட்ச் முடிந்ததும் எத்தனை பாஸ் போட்டோம் என்று எண்ண வேண்டாம். ஒரு நண்பரை ஓரத்தில் உட்காரவைத்து இரண்டே விஷயம் குறிக்கச் சொல்லுங்கள்: கோல்கீப்பரிடமிருந்து தொடங்கிய பந்து எத்தனை முறை பாதிக்கோட்டைத் தாண்டி நம் காலிலேயே இருந்தது, இழந்த பந்தை எத்தனை முறை அங்கேயே திரும்பப் பிடித்தோம். இரண்டையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். முதல் எண் ஏறாவிட்டால் அந்த வாரம் படி 4-க்குக் கூடுதல் நேரம், இரண்டாவது ஏறாவிட்டால் படி 3-க்கு.